நாரை தன் குரலைச் சுண்ணாம்பில் விட்ட கதை

பறவைகளுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், செங்கால் நாரைக்கு இருந்த குரல் வேறெந்தப் பறவைக்கும் இருந்ததில்லை. குயில் கூவினால் ஒரு தோப்புக்குக் கேட்கும். நாரை கூவினால் பாலைவனத்தின் அக்கரையில் படுத்திருக்கும் ஒட்டகம் தலையைத் தூக்கிப் பார்க்கும். குளிர் தொடங்கும்போது தெற்கே போய், வெயில் திரும்பும்போது வடக்கே வருகிற பறவை என்பதால், தூர தேசத்து ஆட்களின் செய்திகளை அதுதான் சுமந்து வந்தது. சுமந்து வந்த செய்தியை வெட்டவும் அதற்குத் தெரியாது, ஒட்டவும் தெரியாது. எந்த ஊரிலிருந்து, யார், என்ன சொன்னார் என்று அந்த வரிசையில் தொடங்கினால் கடைசிச் சொல் வரை நிற்காமல் சொல்லிவிடும். பொய் சொல்ல எந்தப் பறவைக்கும் தெரியாது. அதை மனிதர்கள் மட்டும்தான் கற்று வைத்திருந்தார்கள்.

செம்மணல் பாலைவனத்தின் ஓரத்தில் புகாரா என்று ஒரு நகரம். சீனத்துப் பட்டு அந்த வழியாகத்தான் மேற்கே போகும். நம் பக்கத்து மிளகும் போகும். அந்த நகரத்தின் பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இன்றைக்கும் ஒரு மினாரா, வானளாவிய கோபுரம், நிற்கிறது. அதைக் கட்டியது அந்த நகரத்து அரசரான கான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கான் ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்லை. சுண்ணாம்பு எந்தப் பக்கம் சுடும் என்றுகூட அவருக்குத் தெரியாது. கட்டியவர்கள் வேறு. இந்தக் கதை அவர்களுடையது.

அந்த இடத்தில் முன்பு வேறொரு மினாரா நின்றது. நின்றது என்பதே தப்பு. சீக்கிரம், சீக்கிரம் என்று கான் அவசரப்படுத்த, ஈரம் காயாத அடித்தளத்தின் மேல் கல்லை ஏற்றினார்கள். மழை இல்லாத, காற்று இல்லாத ஒரு நாளில் அது தானாகச் சாய்ந்து பள்ளிவாசலின் கூரை மேல் விழுந்தது. கீழே தொழுதுகொண்டிருந்தவர்களும் வாசலில் சுண்ணாம்புக் கூடை சுமந்துகொண்டிருந்தவர்களும் நசுங்கிப் போனார்கள். கூடை சுமந்தவர்களில் ஒருத்தி மெஹ்ரியின் தாய்.

"விதி," என்றார் கான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"விதி இல்லை, ஈரம்," என்றாள் மெஹ்ரி. சத்தமாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் அவள் வாயைப் பொத்தி அழைத்துப் போனார்கள்.

மெஹ்ரிக்குத் தொழில் சுண்ணாம்பு மிதிப்பது. நம் ஊரில் சாந்துக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ப்பது போல, அங்கே நாணற்சாம்பலும் ஒட்டகப்பாலும் சேர்ப்பார்கள். சேர்த்ததைக் குழியில் கொட்டி, பெண்கள் கைகோத்துக்கொண்டு மிதிப்பார்கள். எத்தனை நாள் மிதிக்க வேண்டும் என்பது மிதிக்கிறவளின் குதிகாலுக்குத்தான் தெரியும். மெஹ்ரியின் கணவன் ஜம்ஷீத் கொத்தனார். விழுந்த மினாராவின் இடத்தில் புதிதாக ஒன்று எழுப்பச் சொல்லி கான் கூப்பிட்டது அவனைத்தான்.

ஜம்ஷீத் கிணறு போல ஆழமாகக் குழி வெட்டினான். கல்லும் சாந்துமாக அடுக்கடுக்காக நிரப்பினான். ஒவ்வொரு அடுக்கையும் மெஹ்ரியும் அவள் கூட்டாளிகளும் மிதித்துக் கொடுத்தார்கள். குழி கிட்டத்தட்ட நிரம்பியதும் அவன் கானிடம் போய்ச் சொன்னான்: "அரசே, மேலே ஓர் அடுக்குதான் பாக்கி. அதை வெயில் திரும்பியதும் போட வேண்டும். அப்புறம் சில குளிர்காலங்கள் இதைச் சும்மா விட வேண்டும். உள்ளே கல்லாகட்டும். பிறகு எழுப்பலாம்."

"அடுத்த வசந்தத்தில் உச்சியில் விளக்கு எரிய வேண்டும்," என்றார் கான். "சமர்க்கந்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள்."

"விருந்தாளிகள் தலையில் விழும்."

"உன் தலை முதலில் விழும்."

ஜம்ஷீத் வீட்டுக்கு வந்தான். ரொட்டி தின்றான். மெஹ்ரியின் காலில் சுண்ணாம்பு அரித்த வெடிப்புகளுக்கு ஆட்டுக்கொழுப்பு தடவிவிட்டான். மறுநாள் காலையில் அவனைக் காணவில்லை.

ஏன் போனான் என்று கொத்தனார்கள் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. அவர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. அடித்தளம் போட்டவன்தான் அதன் மேல் முதல் செங்கல்லை வைக்க வேண்டும், அல்லது தன் வாயால் இன்னொருவருக்கு அனுமதி சொல்ல வேண்டும். அவன் உயிரோடு இருக்கும்போது வேறு கை அங்கே பட்டால், அந்தக் கை வைத்த எதுவும் நிற்காது என்று நம்பினார்கள். கான் சவுக்கைக் காட்டினாலும் பொற்காசைக் காட்டினாலும் அந்த வழக்கத்தை மீற ஒருவரும் தயாராக இல்லை. ஜம்ஷீத் இல்லாமல் வேலை நகராது. வேலை நகராவிட்டால் சுண்ணாம்புக்கு அவகாசம் கிடைக்கும். அதற்காகத்தான் போனான்.

எல்லோருக்கும் விளங்கியது மெஹ்ரிக்கும் விளங்கியது. ஆனால் கோபம் போகவில்லை. "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?" என்று அடுப்பிடம் கேட்டாள். சொல்லியிருந்தால் கானின் ஆட்கள் அவளிடமிருந்து அதைப் பிடுங்கியிருப்பார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். நியாயம் தெரிந்தால் கோபம் வராது என்று யார் சொன்னது?

கானின் ஆட்கள் வந்தார்கள். பள்ளிவாசலில் வைத்து அவளைச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். "அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது," என்று சத்தியம் செய்தாள். அது உண்மையாக இருந்ததால் அவளை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த உண்மையை நினைத்து அழுதாள்.

குளிர்காலம் வந்தது, போனது. குழியின் மேல் போட்டிருந்த நாணற்பாய்களில் பனி விழுந்து உருகியது. வெயில் திரும்பியதும் மெஹ்ரி கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு போய் மேல் அடுக்குக்குச் சாந்து மிதிக்கத் தொடங்கினாள். "செங்கல் வைக்கத்தான் கூடாது. அடுக்கு போடலாம், அது அடித்தளம்தான்," என்று காவலர்களிடமும் கொத்தனார்களிடமும் வாதாடி அனுமதி வாங்கியிருந்தாள்.

அப்படி மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் தெற்கிலிருந்து நாரை வந்தது. அவர்கள் இருவரும் பழைய சிநேகிதிகள். விழுந்த மினாராவின் உச்சியில் நாரையின் கூடு இருந்த காலத்திலிருந்தே பழக்கம். நாரை மண்சுவரில் இறங்கி, இறக்கையை மடக்கி, ஒற்றைக் காலில் நின்றது.

"மெஹ்ரி! மேலே ஏறி வா. உனக்குச் செய்தி இருக்கிறது."

மெஹ்ரிக்குக் கால் வழுக்கியது. "அவரா?"

"அவர்தான். தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்று தெரியாதா? போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்."

"கால் கிடக்கட்டும்டி, சொல்லு!"

"சுண்ணாம்புக் காலோடு யாராவது செய்தி கேட்பார்களா? ஊர் சிரிக்கும். போ."

அதுவும் அந்த நகரத்து வழக்கம். தூரத்திலிருந்து ஒருவர் அனுப்பிய சொல்லை, அவரே வீட்டுக்குள் வருவது போல நினைத்து, கை கால் கழுவி, விரிப்புப் போட்டு உட்கார்ந்துதான் கேட்பார்கள். மெஹ்ரி ஓடினாள். வாய்க்கால் தண்ணீரில் காலைத் தேய்தேய் என்று தேய்த்தாள். முகம் கழுவினாள். தலையை வேறு வாரினாள். வந்திருப்பது அவனுடைய சொல் மட்டும்தான், அவன் இல்லை. இருந்தும் வாரினாள்.

பக்கத்து மரத்தில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. கெட்ட மைனா என்று சொல்ல முடியாது. தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாத மைனா. "ஓகோ, கொத்தனாரிடமிருந்து செய்தி! ஓகோ!" என்று அது கத்திக்கொண்டே கடைத்தெருப் பக்கம் போனது. கடைத்தெருவிலிருந்து அரண்மனைக்கு எவ்வளவு நேரம்? மெஹ்ரி தலைமுடியைப் பின்னி முடிப்பதற்குள் தெருவில் முரசு கேட்டது. செங்கால் நாரை அன்றைய வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சபைக்கு வந்து, கொத்தனார் ஜம்ஷீத் இருக்கும் ஊரைக் கானிடம் சொல்ல வேண்டும். நகரத்தின் ஒவ்வொரு வாசலிலும் வில்லாட்களை நிறுத்தியாயிற்று.

மெஹ்ரி குழிக்கு ஓடி வந்தாள். முரசைக் கேட்டு மற்றப் பெண்கள் கலைந்து போயிருந்தார்கள். நாரை மட்டும் சுவரில் அப்படியே நின்றது.

"ஓடிப்போன ஆள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்," என்றாள் மெஹ்ரி. "செய்தி அனுப்பாவிட்டால் என்ன?"

"இருக்க முடியவில்லை போலிருக்கிறது," என்றது நாரை. "எனக்கு அதைத் திட்டத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றுகிறதா?"

மெஹ்ரி தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "கான் கேட்டால் பேசாமல் இரேன்."

"என்னால் முடியாது. கேள்வி வந்தால் பதில் வந்துவிடும். தும்மல் மாதிரி. குரல் இருக்கும் வரை வரும்."

"பறந்து போய்விடு."

"அம்பில் விழுவேன். விழுந்து கிடக்கும்போது கேட்டாலும் சொல்லிவிடுவேன்."

இருவரும் குழியைப் பார்த்தார்கள். ஜம்ஷீத் பிடிபட்டால் இந்த வசந்தத்திலேயே கல் ஏறும். ஈரத்தின் மேல் ஏறும். மறுபடியும் ஒரு வெயில் நாளில், காற்றில்லாத ஒரு நாளில், கூடை சுமக்கிறவர்கள் மேல் சாயும்.

"போன மினாரா விழுந்தபோது என் குஞ்சுகள் மேலே இருந்தன," என்றது நாரை. "இறக்கை முளைக்கவில்லை. நான் தவளை பிடிக்கப் போயிருந்தேன்." அதே தொனியில் தொடர்ந்தது: "இந்தச் சாந்து இன்னும் இளசுதானே? இதில் எதை விட்டாலும் இழுத்துக்கொள்ளும் என்று உன் அம்மா சொல்வாள்."

மெஹ்ரிக்குப் புரிந்தது. "வேண்டாம்டி. உன் குரல்!"

"குரல் இல்லாதவளிடம் கான் என்ன கேட்பார்?"

"சரி, அப்படியானால் முதலில் எனக்குச் சொல். சொல்லிவிட்டு அப்புறம் விடு. நான் கை கால் கழுவிவிட்டேன், பார்."

நாரை அவளுடைய ஈரக் கால்களைப் பார்த்தது, வாரிய தலையைப் பார்த்தது. "சொல்கிறேன். ஆனால் ஊர் பெயர்தான் முதலில் வரும். நீ அதைத் தெரிந்துகொள்வாய். என்னிடம் பதில் கிடைக்காவிட்டால் அடுத்து உன்னைக் கேட்பார்கள். சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் செய்வாயா?"

"செய்வேன். நான் மனுஷிதானே."

"விரலை நசுக்கினால்?"

மெஹ்ரி தன் விரல்களை ஒருமுறை பார்த்தாள். நசுங்கினால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியும் என்று சொல்கிறவர்களை அவள் நம்பியதும் இல்லை. "ஒன்று செய்யலாம். நான் காதைப் பொத்திக்கொள்கிறேன். ஊர் பெயர் முடிந்ததும் காலால் என்னை உதை. அப்போது திறக்கிறேன்."

"நீ பொத்த மாட்டாய் மெஹ்ரி."

"மாட்டேன்தான்," என்று ஒப்புக்கொண்டாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது.

பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு அழைக்கும் பாங்கு தொடங்கியது. மினாரா இல்லாததால் மோதினார் தரையில் நின்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அடுத்த தெருவைத் தாண்டவில்லை.

"ஒன்றே ஒன்று கேட்கிறேன்," என்றாள் மெஹ்ரி. "அவர் சொல்லி அனுப்பியது நீளமா, குட்டையா?"

"நீளம்," என்றது நாரை. "மலையைத் தாண்டும்போது தொண்டையில் கனத்தது."

மெஹ்ரி அந்த இரண்டு வாக்கியங்களையும் வாங்கிக்கொண்டாள். பிறகு அங்கியின் ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கழுவிய காலோடு மறுபடியும் சாந்துக்குள் இறங்கினாள். "சொல்லாதே," என்றாள். "விட்டுவிடு."

நாரை குழியின் விளிம்பில் நின்று, கழுத்தை நீட்டி, அலகைச் சாந்துக்கு அருகில் கொண்டுபோய்த் திறந்தது. வந்தது சொல் இல்லை. வெறும் குரல். அது வந்துகொண்டே இருந்தது. கடைத்தெருவில் தராசு பிடித்திருந்தவர்கள் தட்டைக் கீழே வைத்தார்கள். குழந்தைகள் அழுகையை நிறுத்தினார்கள். வாசல்களில் நின்ற வில்லாட்கள் எதற்காக நிற்கிறோம் என்பதை ஒரு கணம் மறந்தார்கள். கடைசி இழையும் சாந்துக்குள் போனதும், மெஹ்ரி அதன் மேல் காலை வைத்தாள். மிதித்தாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. சிநேகிதியின் குரலைத் தன் குதிகாலால் அமுக்கி அமுக்கி அந்த அடுக்குக்குள் கலந்துவிட்டாள்.

ஆனால் சாந்து இழுத்துக்கொண்டது குரலை மட்டும்தான். செய்தி நாரையின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சபை நிரம்பி வழிந்தது. கான் நாரையைப் பார்த்துக் கேட்டார்: "கொத்தனார் எந்த ஊரில் இருக்கிறான்?"

நாரையால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கழுத்தை நிமிர்த்தி, அலகைத் திறந்து, முழு உண்மையோடும் சொல்லத் தொடங்கியது. டக். டக் டக். டகடகடகடக.

"இது என்ன பதில்?" என்றார் கான்.

"குளிரில் பல் கிடுகிடுக்கிறது போல, அரசே," என்றார் ஓர் அமைச்சர்.

"அதற்குப் பல் ஏது ஐயா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். சபையில் சிரிப்பு எழுந்து கானின் முகத்தைப் பார்த்து அடங்கியது.

மெஹ்ரியை முன்னால் தள்ளினார்கள். "உனக்குச் செய்தி வந்ததாமே?"

"வந்தது."

"என்ன செய்தி?"

"நான் கேட்கவில்லை."

"புருஷனிடமிருந்து வந்த செய்தியைக் கேட்காத பெண்டாட்டியா?"

"காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதற்குள் நீங்கள் முரசு அடித்துவிட்டீர்கள்," என்றாள் மெஹ்ரி. சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தாள். அதுவும் உண்மையாகவே இருந்தது. மைனாவைக் கேட்டார்கள். செய்தி வந்தது என்று மட்டும்தான் அதற்குத் தெரிந்திருந்தது. கான் நாலா திசையிலும் குதிரை ஆட்களை அனுப்பினார். அவர்கள் குதிரையைக் களைக்க வைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. சமர்க்கந்து விருந்தாளிகள் வந்து, ஒரு குழியையும் அதன் மேல் பாயையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

காலம் போனது. ஒவ்வொரு குளிருக்கும் நாரை போனது, ஒவ்வொரு வெயிலுக்கும் வந்தது. வந்ததும் நேராக மெஹ்ரியின் சுவரில் இறங்கி அலகைத் தட்டும். மெஹ்ரி கை கால் கழுவி, விரிப்புப் போட்டு உட்கார்ந்து, முடியும் வரை கேட்பாள். அவளுக்கு ஒன்றும் விளங்காது. சில இடங்களில் தட்டு வேகமாகும், சில இடங்களில் தயங்கும். தயங்கும் இடம் எதுவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே ரொட்டி சுடுவாள்.

பாயை விலக்கி அடித்தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் அவள்தான். முதலில் தொப் தொப் என்றது. பிறகு ஒரு வசந்தத்தில், தட்டிய இடத்திலிருந்து நீளமாக ஒரு நாதம் எழுந்தது. நாரையின் குரல் அது. சுண்ணாம்பு இறுகிவிட்டது.

இப்போது அவன் வரலாம். வந்து முதல் செங்கல்லை வைக்கலாம். மெஹ்ரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வசந்தம் போனது. அடுத்ததும் போனது. அவன் வரவில்லை.

அப்புறம் ஒரு மணற்புயல் அடித்தது. ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால், ஒரு வணிகக் கூட்டம் நகரத்தின் மதிலுக்கு வெகு அருகில், மதிலுக்கு முதுகைக் காட்டியபடி மணலில் புதைந்து கிடந்தது. திசை தெரியாமல் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள். உயரத்தில் ஒரு விளக்கு இருந்திருந்தால் வந்து சேர்ந்திருப்பார்கள். அவர்களில் ஒவ்வொருவரையும் எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். மெஹ்ரிக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கொத்தனார்கள் கூடும் இடத்துக்குப் போனாள். கய்யூம் என்பவர்தான் அவர்களுக்குத் தலைவர்.

"உஸ்தாது, மினாராவைத் தொடங்குங்கள்."

"நீயே இப்படிச் சொல்லலாமா அம்மா? அடித்தளம் போட்டவன் வரட்டும். அல்லது அவன் இறந்ததாகச் செய்தி வரட்டும்."

"அடித்தளம் போட்டது யார்?"

"இதென்ன கேள்வி? ஜம்ஷீத்."

"குழிக்குள் இறங்கிச் சாந்து மிதித்தது யார்? மேல் அடுக்கைப் போட்டது யார்? அவர் அப்போது ஊரிலேயே இல்லை."

கொத்தனார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மிதிப்பது வேறு, போடுவது வேறு," என்றார் ஒருவர்.

"எப்படி வேறு? மிதிக்காத சாந்தை வைத்து ஒரு சுவர் கட்டிக் காட்டுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு போகிறேன்."

"பெண்கள் செங்கல் வைத்து..."

"பெண்கள் மேல் செங்கல் விழலாம், வைக்கக் கூடாதா? என் அம்மாவிடம் அந்த வழக்கத்தை யாரும் சொல்லவில்லையே."

கய்யூம்தான் பதில் சொன்னார். "உன் பேச்சு நியாயம். இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"முன்பே சொல்லியிருந்தால் கான் என் கையைப் பிடித்து ஈரத்தின் மேல் கல்லை வைக்கச் செய்திருப்பார்."

"சரி. ஆனால் ஒன்று தெரிந்துகொள்," என்றார் கய்யூம், குரலைத் தாழ்த்தி. "நீ வைத்துவிட்டால், இனி அவன் வருவான் என்று கொத்தனார்களில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அவன் பெயரில் இருக்கும் இடம் மூடிவிடும். உனக்குச் சம்மதமா?"

மெஹ்ரி இதை அறியாமல் வரவில்லை. அறிந்துதான் வசந்தங்களைக் கழித்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் யாரும் காத்திருக்க வேண்டாம்," என்றாள்.

மறுநாள் காலையில் எல்லோரும் பார்க்க, அடித்தளத்தின் நடுவில் அவள் முதல் செங்கல்லை வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மினாரா எழுந்தது. அடியில் பருத்து, மேலே போகப் போக ஒடுங்கியது. சுற்றிச் சுற்றி வளையம் வளையமாகச் செங்கல் பூவேலை. ஒரு வளையத்தில் பின்னல், ஒன்றில் கட்டம், ஒன்றில் நட்சத்திரம், ஒன்று போல இன்னொன்று இல்லை. உள்ளே சங்கின் வயிற்றைப் போலப் படிகள் வளைந்து ஏறின. கழுத்துக்குக் கீழே நீலப் பளபளப்பு ஓட்டில் ஒரு பட்டை. உச்சியில் எல்லாத் திசைக்கும் வளைவு ஜன்னல்கள் திறந்த ஒரு மாடம். அங்கேதான் விளக்கு. அங்கிருந்து மோதினார் முதல் பாங்கைச் சொன்னபோது, அது அடித்தளத்தைத் தொட்டு, அங்கே இறுகியிருந்த குரலையும் எழுப்பிக்கொண்டு பாலைவனத்தின் மேல் போனது. அக்கரையில் படுத்திருந்த ஒட்டகங்கள் தலையைத் தூக்கின. அன்று மோதினாருக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை என்று சொல்வார்கள்.

அந்த வருடம் திரும்பி வந்த நாரை மெஹ்ரியின் சுவரில் இறங்கவில்லை. நேராக மினாராவின் உச்சிக்குப் போய்ச் சுள்ளி அடுக்கத் தொடங்கியது. தன் குரல் இருக்கிற இடத்தை விட்டு அது எங்கே போகும்? மெஹ்ரி ஒரு பழைய வண்டிச் சக்கரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அத்தனை படிகளையும் ஏறி, கூடு சரியாமல் இருக்க அதை மாடத்தின் மேல் வைத்துக் கட்டினாள். பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் படியேறிப் போய் அங்கேயே உட்கார்ந்து கேட்டாள்.

காலில் ஏதாவது கட்டி அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கானின் ஆட்கள் பறவைகளின் கால்களைச் சோதித்துக்கொண்டிருந்த வரை அது முடியாத காரியம். கான் இறந்த வருடம் மெஹ்ரி கட்டினாள். நீல நூல் ஒன்றை, நாரையின் சிவந்த காலில், இரட்டை முடிச்சாக. ஜம்ஷீத்துக்குத்தான் அந்த முடிச்சு தெரியும். அவிழ்த்து எடுத்துக்கொண்டால் போதும், இருக்கிறான் என்று அவள் தெரிந்துகொள்வாள்.

அடுத்த வசந்தத்தில் நாரை திரும்பி வந்தபோது நூல் அப்படியே இருந்தது. வெயிலில் வெளுத்து, சேற்றுக் கறையோடு. நாரை அவனைக் கண்டுபிடிக்கவில்லையா, கண்டுபிடித்த இடத்தில் அவிழ்க்கக் கை இல்லையா? மெஹ்ரி கேட்டாள். நாரை கழுத்தை முதுகில் படும் அளவுக்குப் பின்னால் சாய்த்து, தொண்டையில் சிக்கியிருப்பதை வானத்துக்காவது கொட்டிவிடலாம் என்பது போல, நெடுநேரம் தட்டியது. மெஹ்ரி முடியும் வரை கேட்டாள். "ம்," என்றாள், கதை கேட்கிறவர்கள் சொல்வது போல. "ம். அப்புறம்?"

மெஹ்ரி போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் எத்தனையோ கான்கள் வந்து போய்விட்டார்கள். நாரையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தச் செய்தியைத் தாயிடமிருந்து வாங்கி, ஒரு தட்டுக்கூடக் குறையாமல் சுமக்கின்றன. அவற்றுக்கு வெட்டவும் தெரியாது, ஒட்டவும் தெரியாது.

அன்று முதல்தான் செங்கால் நாரைக்குக் குரல் இல்லை. அன்று முதல்தான் அது மற்ற இடங்களை விட்டு மனிதர் கட்டிய உயரங்களையே தேடிக் கூடு கட்டுகிறது, கூட்டுக்கு வந்து சேர்ந்ததும் தலையைப் பின்னுக்குச் சாய்த்து அலகைத் தட்டுகிறது. குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கும் அது வருவதுண்டு. ஜம்ஷீத் இந்தப் பக்கம்தான் எங்கேயோ வந்து தங்கியிருக்க வேண்டும். வரும்போது கவனித்துப் பாருங்கள். சேற்றில் நடக்கும், மீன் பிடிக்கும், வரப்பில் ஒற்றைக் காலில் நிற்கும், வடக்கைப் பார்க்கும். அலகை மட்டும் தட்டாது. செய்தி நமக்கு இல்லை.